செல்வமணி வைத்த பெயர்கள்

கோல்ட் ஃபீல்ட்ஸின் மைசூர் மைன்ஸ் பகுதியில் யார் வீட்டில் காதுகுத்து என்று காற்றுவாக்கில் செய்தி வந்தாலும் போதும், கேமராவைத் துடைத்து வைத்துக்கொள்கிற ஆள் செல்வமணி. கூலிக்கு எடுப்பவர் இல்லை. கனரக இயந்திரத் தொழிற்சாலையில் குவாலிட்டி செக்‌ஷனில் இருந்து ரிடையரானவர். காசு கொடுத்து அமர்த்திய போட்டோகிராபர் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் பந்தியைப் பார்த்துக்கொண்டிருப்பார். எந்த மாமா எந்த மச்சானைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார், எந்த அத்தை அடுத்தவர் இலையை எட்டிப் பார்த்தார், எல்லாம் இவரிடம் இருக்கும். இருபது வருஷத்துப் படங்கள் மூன்று ஹார்ட் டிஸ்க்கில் பிதுங்கிக்கொண்டிருந்தன.

எடுத்ததென்னவோ எடுத்தார், தேடினால் ஒன்றாவது கிடைக்க வேண்டுமே! கிடைக்காது. இந்த லட்சணத்தில் மகள் சுனிதாவின் கல்யாணம் வந்து சேர்ந்தது.

மாப்பிள்ளை பங்காருபேட்டை. மாப்பிள்ளை தங்கமான பையன். அவன் அம்மா மங்கம்மாதான் சற்று அப்படி இப்படி. நிச்சயதார்த்தத்தன்று செல்வமணி பெருமையாக டிவியில் குடும்பப் படங்களை ஓட்டிக் காட்டினார். அதில் மாப்பிள்ளை வீட்டு டிரைவர்கூட வந்தார், மங்கம்மா வரவில்லை. அந்த அம்மாள் தயிர்ச்சோறு மட்டும் சாப்பிட்டுவிட்டு, தலைவலி என்று வண்டியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்குப் பிடித்தது செல்வமணியின் மனைவி தேவிகாவுக்குக் கவலை. ரிசப்ஷனிலும் இப்படி ஒன்று நடந்தால், மகள் புகுந்த வீட்டில் ஆயுசுக்கும் அந்தப் பேச்சைத்தான் கேட்க வேண்டும். மங்கம்மா நல்லபடியாக, நிறைய படங்களில் வந்தே ஆக வேண்டும் என்று கணவனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். கோல்ட் ஃபீல்ட்ஸ் கல்யாணம் என்றால் பங்காருபேட்டையே ரயிலேறி வரும். இருபது வருஷக் கூட்டத்தில் எங்கேயோ மங்கம்மா இருக்கத்தான் வேண்டும். எங்கே என்பதுதான் கேள்வி.

தேவிகாவின் தம்பி பிரதாப், தினமும் பெங்களூருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வருகிறவன், போட்டோவை அடுக்கித் தேடித் தரும் சாஃப்ட்வேர்கள் இருக்கின்றன என்று ஆரம்பித்துவைத்தான். அவ்வளவுதான், செல்வமணிக்குள் தூங்கிக்கொண்டிருந்த குவாலிட்டி செக்‌ஷன் எழுந்து உட்கார்ந்துவிட்டது. ஒவ்வொரு சாஃப்ட்வேருக்கும் ஒரே பரீட்சை வைத்தார்: ரெட்டைத் தாழ்ப்பாள் முனிரத்தினத்தைத் தேடிக் கொடு.

சிரிக்க வேண்டாம். சுரங்கக் கம்பெனி வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் ஒரே பெயரில் நாலைந்து பேர் இருப்பார்கள். பெயரைச் சொல்லி யாரையும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் ஆளின் வேலையோ குணமோ எப்போதோ செய்த கூத்தோ பெயரோடு ஒட்டிக்கொள்ளும். சுரங்கத்துக்குள் ஆளிறக்கும் கேஜை ஓட்டியவர் மகன் கேஜ் முனிரத்தினம். பட்டப்பகலிலும் கதவுக்கு இரண்டு தாழ்ப்பாள் போடுகிறவர் ரெட்டைத் தாழ்ப்பாள் முனிரத்தினம். எல்லாருக்கும் தெரிந்த பெயர்கள்தான். உரியவர் எதிரில் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது.

முதல் சாஃப்ட்வேர் இலவசம். தமிழில் பெயர் அடித்தால் கட்டம் கட்டமாகக் காட்டியது. முனிரத்தினத்தைக் கட்டமாக்கிய சாஃப்ட்வேர் தேறாது என்று தள்ளினார். இரண்டாவது பிரமாதமாக இருந்தது, ஆனால் படத்தையெல்லாம் இணையத்தில் ஏற்றினால்தான் வேலை செய்வேன் என்றது. தேவிகா குறுக்கே வந்து நின்றாள்.

"நம்ம வூட்டு போட்டோவ ஊர் பேர் தெரியாதவன் கம்ப்யூட்டர்ல வெக்கிறதா? கம்முனு இருங்க."

மூன்றாவதில் முகம் அடையாளம் தெரியவில்லை. நான்காவதில் தெரிந்தது, ஆனால் அண்ணன் தம்பி மூன்று பேரை ஒரே ஆளாக்கிவிட்டது. இப்படியே நொட்டை சொல்லிக்கொண்டு போனதில் பிரதாப் நொந்துபோனான். "மாமா, சுனிதாவுக்கு மாப்பிள்ள பாக்கறப்பகூட நீங்க இவ்ளோ கேள்வி கேக்கல" என்றான்.

ஐந்தாவது ஒரு வழியாகப் பாஸானது. சொந்தக் கம்ப்யூட்டரிலேயே ஓடும், தமிழில் பேசும், முகத்தைக் கண்டால் 'இவர் யார்?' என்று கேட்கும். ஒருமுறை சொல்லிவிட்டால் அந்த ஆள் இருக்கும் படத்தையெல்லாம் திரட்டிக்கொண்டு வரும். செல்வமணிக்கு வந்த குஷியைப் பார்க்க வேண்டுமே! அது கேட்கக் கேட்க இவர் அடித்துத் தள்ளினார். அறிந்தவர்களுக்கு ஊர் வைத்த பெயர், அறியாதவர்களுக்குத் தாமே வைத்த பெயர். படத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறார்களோ அதுவே பெயர். பந்தலில் வாயைப் பிளந்து தூங்கியவர் 'கொசு விழுங்கி' ஆனார். சலித்துப்போகிற வரைக்கும் சூட்டிக்கொண்டே இருந்தார்.

பிறகு மங்கம்மாவின் படம் ஒன்றைக் காட்டி 'சம்பந்தி அம்மா' என்று எழுதினார். சாஃப்ட்வேர் தேடிப்போய் ஐந்தாறு படங்களோடு வந்தது. அத்தனையும் நல்ல படங்கள். தேவிகாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

செல்வமணி முன்யோசனைக்காரர் இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. ரிசப்ஷனில் ஓட்டப்போகும் படங்களில் பட்டப்பெயர் எங்கும் இருக்கக் கூடாதே என்று, நினைவில் இருந்த பட்டப்பெயர்களையெல்லாம் தேடித் தேடி எடுத்து, 'மணமகளின் பெரியப்பா' என்கிற மாதிரி மரியாதையாக மாற்றிவைத்தார். நினைவில் இல்லாததை யார் தேடுவது? ரிசப்ஷனன்று காலையில் சாஃப்ட்வேர் ஒரு கேள்வி கேட்டது. இரண்டு முகத்தைக் காட்டி, இருவரும் ஒருவரே, சேர்க்கட்டுமா என்றது. ஒரு கையால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் 'ஆம்' என்று அழுத்திவிட்டுக் கிளம்பினார். சேர்த்தால் முதலில் வைத்த பெயர்தான் நிற்கும் என்று அது சின்ன எழுத்தில் சொல்லியிருந்தது. சின்ன எழுத்தை யார் படிக்கிறார்கள்!

பங்காருபேட்டை மண்டபத்தில் சுவர் அளவுக்குப் பெரிய திரை. படங்கள் ஓட ஆரம்பித்தன. முன்வரிசையில் பட்டுப்புடவையோடு உட்கார்ந்திருந்த மங்கம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் செல்வமணியைக் கூப்பிட்டார். "இன்னாண்ணா, வெறும் படம் ஓடுது? யார் யாருன்னு பேரு வராதா?"

வராது என்று சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஐந்து சாஃப்ட்வேரை அலசிய மனுஷனுக்கு அந்த வார்த்தை வாயில் வருமா? ஏன் வராது என்று எழுந்துபோய், பெயர் காட்டும் கட்டத்தில் டிக் அடித்தார்.

மணமகளின் பெரியப்பா வந்தார், பெயரோடு. கைதட்டினார்கள். மாப்பிள்ளையின் சித்தி வந்தார். மறுபடி கைதட்டல். பிறகு மங்கம்மா வந்தார். சிரித்த முகம், கழுத்து நிறைய நகை, அருமையான படம். கீழே ஆளுயர எழுத்தில்: மூணு வாட்டி பாயசம்.

யாரும் கைதட்டவில்லை. செல்வமணிக்கு அப்போதுதான் நினைவு வந்தது. என்றைக்கோ ஆண்டர்சன்பேட்டையில் நடந்த ஒரு கல்யாணம். யாரென்று தெரியாத ஓர் அம்மாள் பந்தியில் மூன்றாம் முறையாகப் பாயசத்துக்குக் கப்பை நீட்டினார். க்ளிக் செய்தது இவர்தான். பெயர் வைத்ததும், காலையில் சம்பந்தி அம்மாவோடு சேர்த்ததும் இவரேதான். ஓடிப்போய் மௌஸைப் பிடித்தார், அவசரத்தில் எதையோ அழுத்தியதில் அந்தப் படம் இன்னும் பெரிதானது. தேவிகா கண்ணை மூடிக்கொண்டாள். மேடையில் சுனிதாவின் முகம் வெளுத்துவிட்டது.

மங்கம்மா மெதுவாக நாற்காலியை விட்டு எழுந்தார். அதற்குள் அடுத்த படம் வந்துவிட்டது. அதில் தேவிகா. யாரோ வீட்டு வாசலில் பூத் தொடுத்தபடி நிமிர்ந்து பார்க்கிறாள். கீழே: அடையாளம் தெரியாத நபர்.

மங்கம்மா திரையைப் பார்த்தார். தேவிகாவைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். "எனக்காச்சும் பாயசம் கீது. இந்த வூட்டம்மாவுக்கு இன்னா கீது?" என்றவருக்குச் சிரிப்பு பிய்த்துக்கொண்டு வந்தது. சிரித்த சிரிப்பில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேவிட்டார். மண்டபமே வெடித்துச் சிரித்தது. பிறகு நேராக வந்து தேவிகாவின் கையைப் பிடித்து, வா அண்ணி சாப்பிடலாம் என்று பந்திக்கு இழுத்துக்கொண்டு போனார். அன்று அந்த அம்மாள் நாலு வாட்டி பாயசம் வாங்கினார் என்று கேள்வி. படம் எடுக்கும் தைரியம் செல்வமணிக்கு இல்லை.

மகள் பிழைத்தாள். செல்வமணி பிழைக்கவில்லை. கட்டிய மனைவி அடையாளம் தெரியாத நபரா? தேவிகாவுக்கு உண்மையிலேயே வலித்தது. ஊரில் இருக்கிறவர்களைத்தான் தேடணும், பக்கத்தில் இருக்கிற உன்னை எதற்குத் தேடணும், அதான் பெயரே வைக்கலை, பெயரில்லாத முகத்துக்கு சாஃப்ட்வேரே அப்படிப் போட்டுக்கொண்டது என்று அவர் சொல்லிப் பார்த்தார். உண்மைதான். ஆனாலும் அது எடுபடவில்லை.

மறுவீட்டுக்கு வந்த மங்கம்மா, அந்தக் கம்ப்யூட்டரைக் காட்டு என்றார். இரண்டு பேரும் அதன் முன்னால் உட்கார்ந்தார்கள். பெயரில்லாத அந்த முகத்தைத் தட்டினாள் தேவிகா. படங்கள் வர ஆரம்பித்தன, வந்துகொண்டே இருந்தன. ஊரில் வேறு எவருக்கும் அத்தனை படம் இல்லை. அடுத்தவர் வீட்டுக் காதுகுத்தில் அவள், ரீப்ஸ் ரயில் ஸ்டேஷன் பெஞ்சில் அவள், சாவு வீட்டில் கண்ணைத் துடைக்கும் அவள். கூட்டம் எவ்வளவு இருந்தாலும் தெளிவாக விழுந்திருந்தது அவள் முகம் மட்டும்தான். மங்கம்மா தேவிகாவின் தோளில் கை வைத்தார்.

'இவர் யார்?' என்று சாஃப்ட்வேர் கேட்டது. தேவிகா ஒவ்வொரு எழுத்தாகத் தேடி ஏதோ அடித்தாள். மங்கம்மா எட்டிப் படித்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். காபியோடு வந்த செல்வமணி, என்ன பெயர் வைத்தாய் என்று குழைந்தார். தேவிகா சட்டென்று திரையை மூடினாள்.

"தேடிப் பாருங்க. அதுக்குத்தான இம்மாம் அலைஞ்சி இத வாங்கனீங்க?"

அன்றிலிருந்து மனுஷன் தேடிக்கொண்டிருக்கிறார். தேவிகா என்று அடித்தார், இல்லை. வீட்டுக்காரம்மா, இல்லை. செல்லம், கண்ணு, மகாராணி என்றெல்லாம் கூச்சத்தை விட்டு அடித்துப் பார்த்துவிட்டார், ஒன்றும் வரவில்லை. முகத்தைத் தட்டினால் பெயர் தெரிந்துவிடும் என்று பிரதாப் வழி சொன்னான். அது போங்காட்டம் என்று தேவிகா தடை போட்டிருக்கிறாள். பங்காருபேட்டைக்குப் போன் போட்டுக் கெஞ்சியும் பார்த்தார். பாயசம் குடித்த வாய்ண்ணா, சொல்லாது என்று போனை வைத்துவிட்டார் மங்கம்மா.