நாற்பத்தேழு அடித்த அடி

எண்பதுகளின் கடைசியில் அருப்புக்கோட்டையில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். திருச்சுழியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். போகும் வழியில் ஒரு கோடு போட்ட நோட்டில் தொடர்கதை எழுதுவேன். இன்ஸ்டிடியூட்டில் எனக்கு நான்கு தோழிகள். என் வாசகர்களும் அவர்கள்தான்.

கதை வருங்கால அருப்புக்கோட்டையில் நடந்தது. அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். எப்போது எழ வேண்டும், எப்போது சிரிக்க வேண்டும் என்பதையெல்லாம் தெருவுக்குத் தெரு ஒலிபெருக்கி சொல்லும். நாற்பத்தேழு என்ற பத்தொன்பது வயதுப் பையன் மட்டும் கேட்கமாட்டான். கண்ணில் பட்டவனை அடிப்பான். காரணம் கேட்டால் கேட்டவனையும் அடிப்பான். தோழிகளுக்கு அவன்மேல் கொள்ளை ஆசை. எட்டாவது அத்தியாயத்தில் அரசாங்கம் அவனைப் பிடித்து ஓர் ஊசி போட்டது. அதன்பிறகு கையை ஓங்கினாலே அவனுக்குக் குடலைப் புரட்டி வாந்தி வரும். அடிப்பதை விட்டுவிட்டான். எல்லோருக்கும் வணக்கம் வைத்தான். கதையை அதோடு முடித்துவிட்டேன்.

தோழிகளில் ஒருத்தி எங்கள் சபைப் போதகரின் மகள். அவள் தலையணைக்கடியில் இருந்த நோட்டு அவள் அப்பா கையில் சிக்கியது. ஞாயிறு மத்தியானம் அவர் அதைச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். பள்ளிக்கூட வாத்தியாரான என் அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

போதகர் என்னைக் கூப்பிட்டு, "இந்தப் பய ஊசி போட்டபெறகு நல்லவனாயிட்டானா?" என்று கேட்டார்.

"ஆயிட்டான் ஐயா."

"இல்ல. வாந்திக்குப் பயந்தவனாயிட்டான். ஏதேன் தோட்டத்துல திங்கக் கூடாதுன்னு சொன்ன மரத்துக்கே ஆண்டவர் வேலி போடல. நீ எதுக்கு ஊசி போடுற? அவனை அவன் இஷ்டத்துக்கு விடும்மா."

அம்மா காபியை வைத்துக்கொண்டே, "வேலி போட்டிருந்தா நமக்கு இம்புட்டுப் பாடு இல்லைல்ல ஐயா" என்றாள். போதகர் காபியை எடுத்துக் குடித்தார்.

திட்டு வாங்கத் தயாராக நின்றவளுக்கு இப்படி ஒரு வாசகர் கிடைத்ததில் தலைகால் புரியவில்லை. மறுநாளே கதைக்குள் ஒரு போதகரைக் கொண்டுவந்தேன். வழுக்கை, கண்ணாடி, லேசான தொப்பை எல்லாம் அப்படியே இவர்தான். அவர் கோர்ட்டில் ஏதேன் தோட்டத்தைப் பற்றிப் பேசினார். நீதிபதி அழுதார். ஊசிக்கு மாற்று மருந்து கொடுத்து நாற்பத்தேழை விடுவித்தார்கள். ஜெயில் வாசலில் போதகர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார்.

அவன் வெளியே வந்து அவரை ஓங்கி ஓர் அறை விட்டான்.

சத்தியமாக நான் அதைத் திட்டமிடவில்லை. எனக்குப் போதகரைப் பிடிக்கும். ஆனால் வாக்கியம் அந்த இடத்துக்கு வந்ததும் அவன் வேறெதுவும் செய்வான் என்று தோன்றவில்லை. பஸ்ஸில் நான் தனியாகச் சிரித்ததைப் பார்த்து, கண்டக்டர் எனக்கு டிக்கெட் கொடுத்தோமா இல்லையா என்பதையே மறந்து நின்றார். போதகரின் மகள்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தாள். நோட்டை அப்பாவின் மேஜைமேல் வைத்தவளும் அவளேதான்.

அடுத்த ஞாயிறும் போதகர் வந்தார்.

"நான் அவனுக்காகப் பேசினேன்" என்றார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"நீங்கதான ஐயா அவன் இஷ்டத்துக்கு விடச் சொன்னீங்க."

அப்பா என் முழங்கையைக் கிள்ளினார்.

"விடச் சொன்னேன். மொத ஆளா என்னையத்தான் அடிக்கணுமா?"

"பக்கத்துல நின்னது நீங்கதான ஐயா" என்றாள் அம்மா.

போதகர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டார். "சரி. பெறகு நான் என்ன செஞ்சேன்?"

"தெரியல ஐயா. அது உங்க இஷ்டம்."

"அவனை மன்னிக்கணும்" என்றார். சற்றுப் பொறுத்து, "திருப்பி அடிச்சாலும் அடிச்சிருவேன்" என்றார். கடைசியில் அந்த இடத்தைத் தானே எழுதித் தருவதாக நோட்டை வாங்கிப் போனார்.

மூன்று வாரம் கழித்துத்தான் நோட்டு திரும்பியது. நடுவில் ஏழெட்டுத் தாள்களைக் கிழித்த தடம் இருந்தது. முதலில் நாற்பத்தேழைப் புரட்டி எடுத்தாராம், கிழித்தாராம். பிறகு கட்டிப்பிடித்து ஜெபித்தாராம், அதையும் கிழித்தாராம். மகள் சொன்னாள். மிச்சமிருந்தது ஒரே வரி: 'போதகர் கீழே விழுந்த கண்ணாடியைத் தேடினார்.'

அன்று சாயங்காலம் அப்பா என் மேஜைப் பக்கம் வந்து நின்றார். அதுவரை அவர் அந்த நோட்டைத் தொட்டதே இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

"கண்ணாடி ஒடஞ்சிருச்சா, ஆத்தா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்லப்பா" என்றேன். அவர் போனதும் நோட்டை விரித்து உட்கார்ந்து, இரண்டு பக்கக் கண்ணாடியையும் உடைத்தேன்.