பெண்கள் பக்கத்து மேட்னி

திருமங்கலத்துத் தியேட்டருக்குப் பேய்ப்படம் வந்த வெள்ளிக்கிழமை காலையில், ஜெயக்கொடிக்கு வேலை போய்விடும்போல இருந்தது.

பெண்கள் பக்கத்து வாசலில் நின்று டிக்கெட் கிழிப்பவள் அவள். ஆறு வருஷமாக அந்த இரும்புக் கேட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். கைக்குழந்தை அழுதால் வெளியே தூக்கிப் போகச் சொல்வாள். தாய் எழுந்திருக்க மனமில்லாமல் திரையைப் பார்த்தால், தானே வாங்கித் தோளில் போட்டுக்கொள்வாள். படத்தை விட்டுவிட்டுப் பெண்கள் பக்கம் பார்க்கிற ஆளை ஊரும் பேரும் சொல்லித் திட்டுவாள்.

மேனேஜர் தவசி போஸ்டரைக் காட்டினார். ‘கர்ப்பிணிகளும் பலவீனமான இதயம் உள்ளவர்களும் பார்க்க வேண்டாம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

“இதுக்குப் பொம்பளையாளு ஒருத்தி வர மாட்டா. படம் ஓடுற வரைக்கும் ஒன் பக்கத்துப் பெஞ்சையும் ஆம்பளைகளுக்கு விட்டுறப் போறேன். நீ வீட்டுல இரு. அப்புறம் பாப்போம்.”

தவசி அப்புறம் பார்ப்பதாகச் சொன்ன எதையும் அப்புறம் பார்த்ததாக அந்தத் தியேட்டரில் யாருக்கும் நினைவில்லை.

“எங்களுக்குத் தெரிஞ்ச கதைண்ணே இது. நாப்பது வாரம் நான்தேன் வாசிச்சேன்” என்றாள் ஜெயக்கொடி.

பொய்யில்லை. காலை வேளைகளில் அவளுக்குப் பருத்தி மில்லில் தூசி பொறுக்குகிற வேலை. எட்டாவது வரை படித்தவள் என்பதால், வாரப் பத்திரிகைத் தொடர்கதையை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டுவது அவள் பொறுப்பு. பண்ணையார் மகன் ஏமாற்றிக் கிணற்றில் தள்ளிய வேதவல்லி, பேயாக வந்து பழிவாங்குகிற கதை; அதைத்தான் படமாக எடுத்திருந்தார்கள். பத்திரிகை ஒருநாள் தாமதமானாலும் தூக்குச்சட்டிச் சோறு அப்படியே திரும்பும்.

“இன்னைக்கு மேட்னி மட்டும் விட்டுப் பாருங்கண்ணே.”

தவசி யோசித்தார். “கடைசி வரைக்கும் பாதிப் பெஞ்சாவது நெறஞ்சிருக்கணும். நடுவுல எந்திரிச்சு ஓடுனாளுகன்னா, சாயங்காலம் நீ வர வேணாம்.”

ஆலைகளுக்கு மட்டும் வாரம் ஒருநாள் விடுகிற கரண்ட் விடுமுறை மில்லுக்கு அன்று. ஜெயக்கொடி தெருத்தெருவாகப் போய், முனையில் நின்று, “வேதவல்லி வந்துட்டாடி!” என்றாள். வேறு விளம்பரம் தேவைப்படவில்லை. இரண்டரை மணிக்குப் பெண்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பெஞ்சு நிறைந்துவிட்டது.

படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் தகராறும் தொடங்கியது.

“ஏ ஜெயக்கொடி! ஊதாச் சேலைன்னுல வாசிச்ச? இவ வெள்ளையில வாரா!” என்று கத்தினாள் மில் தோழி ராமக்காள்.

“கதையில ஊதாதேன். படம் எடுத்தவனக் கேளு!”

“கதையில நாலாவது வாரமே செத்துப்போனா. இங்க இன்னும் பாட்டுப் பாடிக்கிட்டுத் திரியுறா!” என்றாள் இன்னொருத்தி.

வேதவல்லி கிணற்றடிக்குப் போனதும் பத்துப் பேர் சேர்ந்து, “போகாதடி, பின்னால நிக்கிறான்!” என்றார்கள். ஆண்கள் பக்கத்தைப் பிரிக்கிற மூங்கில் தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் கெஞ்சியது: “ஆத்தா, கதையச் சொல்லித் தொலைக்காதீங்க!”

கிணற்றுக்குள்ளிருந்து முதல் கை எழும்பியபோது ஆண்கள் பக்கம்தான் அலறியது. முரட்டு மீசை பேச்சிமுத்து பெஞ்சின்மேல் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டான். பெண்கள் பக்கத்திலோ, “வந்துட்டாடி எந்தாயி!” என்று ஒரே சந்தோஷம்.

இடைவேளை மணி அடித்தது. பெண்கள் மொத்தமாக எழுந்து வெளியே போனார்கள். முறுக்குக் கடையில் ஒருத்தியும் நிற்கவில்லை. மணி இரண்டாம் முறை அடித்தும் பெஞ்சுகள் காலியாகவே கிடந்தன. தவசி வாசலில் வந்து நின்று காலிப் பெஞ்சுகளைப் பார்த்தார்; பிறகு ஜெயக்கொடியைப் பார்த்தார். அவள் கேட்டுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.

விளக்கு அணைகிற நேரத்தில் சலசலவென்று சத்தம். சைக்கிள் ஸ்டாண்டு வேப்பமரத்தை மொட்டையடித்துவிட்டு வந்துகொண்டிருந்தார்கள். எல்லாத் தலையிலும் ஒரு கொத்து வேப்பிலை.

“என்னாங்கடி இது?”

“அவ நல்லவதேன்” என்றாள் ராமக்காள். “ஆனா படம் விட்டதும் பின்னாடியே வீட்டுக்கு வந்துட்டான்னா? இருக்குறவுகளுக்கே சோறு பத்தல.”

தட்டிக்கு மேலே ஒரு கை நீண்டது. “அக்கா, ஒரு கொத்து இங்கிட்டும் தாங்க.” பேச்சிமுத்துவின் கைதான். அதன்பின் ஏழெட்டுக் கைகள் நீண்டன. கடைசியாக வாசல் பக்கமிருந்து ஒரு கை வந்தது. அது தவசியுடையது. ஜெயக்கொடி நல்ல கொத்தாகப் பார்த்துக் கொடுத்தாள்.

வேதவல்லி பண்ணையார் மகனைக் கிணற்றுக்குள் இழுத்தபோது, ராமக்காள் நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டாள். நூறு நாக்குகள் சேர்ந்துகொண்டன. ஆண்கள் விசிலடித்தார்கள். பேயின் சிரிப்பு யாருக்கும் காதில் விழவில்லை.

மாலைக் காட்சிக்குப் பெண்கள் வரிசை தெருவுக்கு வந்துவிட்டது. போஸ்டரில் தடுக்கப்பட்ட நிறைமாத வயிறு ஒன்றும் அதில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றது. தவசியும் பேச்சிமுத்துவும் மூங்கில் தட்டியைத் தூக்கி நான்கு பெஞ்சு தள்ளி ஆண்கள் பக்கமாக நட்டார்கள்.

“போதுமா தாயி?” என்றார் தவசி.

ஜெயக்கொடி வரிசையின் நீளத்தைப் பார்த்தாள்.

“இன்னும் ரெண்டு பெஞ்சு தள்ளுங்கண்ணே” என்றுவிட்டு, கேட்டைத் திறந்தாள்.