இரண்டு மிதவைகளுக்கு வெளியால்

எனக்கு விளையாட்டில் அக்கறை கிடையாது. ஓர்ஸ் ஹில்லில் ஒரு கந்தோரில் கோப்புகளோடு காலம் தள்ளுகிறவள் நான். உள்துறைமுகத்தில் ட்ரயத்லோன் நடக்கப்போகிறது, நீச்சலைக் கண்காணிக்க ஆள் வேண்டும் என்று கடிதம் வந்தபோது ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை. ஒருவரும் கொடுக்காத இடங்களுக்கு என் பெயர் தானாகவே போய்விடும். நீந்தி, சைக்கிள் ஓடி, பிறகு காலால் ஓடி, மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கிற போட்டி அது. எனக்குக் கந்தோர் மேட்டில் ஏறினாலே மூச்சு வாங்கும்.

முதலாவதாக நீந்துகிறவருக்கு முன்னால் வழிகாட்டிக்கொண்டு போக ஒரு படகும் வேண்டும் என்றார்கள். நான் அத்தானைச் சொன்னேன். அத்தான் என்றால் அக்காவின் கணவர். இலங்கைத்துறையில் மீன்பிடிக்கிறவர், ஐம்பத்தெட்டு வயது, அதில் நாற்பது வருடம் கடலில். அந்தப் படகில் ஒரு தாளும் பேனையுமாக உட்கார்ந்து, யார் சரியான பாதையில் வந்தார் என்று குறிப்பது என் வேலை.

முதல்நாள் பின்னேரம் விளக்கக் கூட்டம். அங்கேதான் அந்த வீரரை முதலில் பார்த்தேன். எழுத்தில் அவர் என்கிறேன், மனதுக்குள் வெகுநாள் அவன்தான். கந்தளாயில் பிறந்து, வெளிநாட்டில் பயிற்சி எடுத்து, இதையே தொழிலாகச் செய்கிறவர். முன்வரிசைக் கதிரையில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தார். கடலின் நீரோட்டத்தைப் பற்றித் தலைமை நடுவர் சொல்லத் தொடங்க, இடையிலே புகுந்தார்.

"கந்தளாய்க் குளத்திலை நீந்திப் பழகினவன் நான். உங்கடை துறைமுகம் எனக்குத் தொட்டித் தண்ணி. நாளைக்கு ரெண்டாவதா ஆர் வாறது எண்டுதான் போட்டி. முதலாவது முடிஞ்ச விசயம்."

சிலர் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேத்தண்ணி கொண்டுவந்த பெண்ணிடம் "சீனி போட்டதை ஆர் கேட்டது?" என்று கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார். நன்றி, பரவாயில்லை என்ற சொற்களை அவர் எங்கேயோ இறக்கிவைத்துவிட்டு வந்தவர் போலிருந்தது.

பாதை லேசானது. கரையிலிருந்து நேரே போனால் இரண்டு செம்மஞ்சள் மிதவைகள். அவற்றுக்கு நடுவால் நுழைந்து, வலப்பக்க மிதவையைச் சுற்றிக்கொண்டு கரைக்குத் திரும்ப வேண்டும். கூட்டத்துக்கு அத்தான் வரவில்லை. விடியத்தான் படகோடு வந்து சேர்ந்தார். பாதையை அவருக்குச் சொல்லிவிடும்படி நடுவர் என்னிடம் ஒப்படைத்திருந்தார்.

"அத்தான், அந்த ரெண்டு மிதவைக்கும்..." என்று தொடங்கினேன்.

"தெரியும் பிள்ளை. கடலை எனக்கோ சொல்லித் தாறீர்?" என்று சிரித்தார்.

நானும் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். அக்கா வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். நான் படித்ததும் அவருடைய உழைப்பில்தான்.

விசில் ஊதினார்கள். முதல் சில நிமிடங்களிலேயே அந்த வீரர் மற்றவர்களை விட்டு வெகுதூரம் வந்துவிட்டார். உண்மையைச் சொல்ல வேண்டும். அப்படியொரு நீச்சலை நான் அதற்கு முன் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. தண்ணீர் அதிகம் சிதறவில்லை, கை ஒரே அளவாக வந்து விழுந்தது. அந்த நேரம் அவருடைய வாயை மறந்துபோனேன்.

மிதவைகள் கிட்டின. அத்தான் இயந்திரத்தின் பிடியை இடப்பக்கம் போக மெல்லத் திருப்பினார்.

"வெளியாலை எடுப்பம், என்ன?"

மீன்பிடிக்கிறவர்கள் இரண்டு மிதவைகளுக்கு நடுவால் படகு விடமாட்டார்கள். நடுவில் யாரோ ஒருவரின் வலை கிடக்கும். வெட்டுப்பட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. கடலில் அது எழுதாத சட்டம். இங்கே வலை இல்லை என்பது அத்தானுக்கும் தெரிந்துதான் இருக்கும். ஆனால் பிடியைத் திருப்பியது அவருடைய கை. நாற்பது வருடம் பழகிய கை.

"ஓம்" என்றேன்.

பிழை என்று தெரிந்துதான் சொன்னேன். அவருடைய படகில் உட்கார்ந்துகொண்டு அவரை எப்படித் திருத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. வீரர் தலையைத் தூக்கிப் படகைப் பார்த்தார், பின்னாலேயே வந்தார். இரண்டு மிதவைகளையும் வெளியால் சுற்றி, எல்லோரையும் விட அதிக தூரம் நீந்தினார். பின்னால் வந்தவர்கள் ஒழுங்காக நடுவால் போனார்கள். என் தாளில் வீரருக்கு நேரே மட்டும் நான் ஒன்றும் குறிக்கவில்லை. அப்படியும் அவர்தான் முதலில் கரையேறினார். நிலாவெளி வீதியில் சைக்கிளிலும் முதல், ஓட்டத்திலும் முதல். முடிவுக் கோட்டில் ஒற்றை விரலை மேலே காட்டிக்கொண்டு நின்றார்.

வீரர் மிதவைகளுக்கு நடுவால் போகவில்லை என்று, இரண்டாவதாக வந்தவரின் பயிற்சியாளர் முறைப்பாடு கொடுத்தார். செய்தி காதில் விழுந்ததும் வீரர் நேரே படகடிக்கு வந்தார். அத்தான் படகைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"கண் பொட்டையோ உனக்கு? உன்னையெல்லாம் ஆர் முன்னுக்கு விட்டது?"

அத்தனை பேருக்கு முன்னால், தகப்பன் வயதுள்ள மனிதனை நீ என்று. அத்தான் வாளியில் தண்ணீர் மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார், கழுவிய இடத்திலேயே திரும்பவும். எனக்கு அந்த ஆளை அறைய வேண்டும் போலிருந்தது. கூடவே, படகில் ஓம் சொன்னவள் நான் என்ற பயமும் இருந்தது.

கூடாரத்துக்குள் விசாரணை. தலைமை நடுவர், வேறு இரண்டு நடுவர்கள், வீரர், நான். நடுவர் ஏற்கெனவே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார். வழிகாட்டிப் படகு பிழையாகப் போனது என்று பதிந்தால் வீரரைத் தண்டிக்கத் தேவையில்லை, வெற்றி நிற்கும். அடுத்த மாதம் வெளிநாட்டில் ஒரு போட்டிக்குப் போக அவருக்கு இந்த வெற்றி கட்டாயம் வேண்டும். நான் ஒரு வசனம் சொன்னால் போதும்.

"படகு எந்தப் பக்கத்தாலை போனது?"

கடல் தெரியாதவர் என்று அத்தானைப் பற்றி ஒரு தாளில் எழுதப்படும். படகுக்குப் பாதை சொன்னது யார் என்று அடுத்த கேள்வி வரும்.

"சரியா ஞாபகம் இல்லை சேர்" என்றேன்.

வீரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கனநேரம் பார்த்தார். பிறகு கதிரையைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"படகை விடுங்கோ. பாதை பார்க்கிறது நீந்துறவன்ரை வேலை. நேற்றுக் கூட்டத்திலை சொன்னவை, நான் காது குடுக்கேல்லை. படகைப் பார்த்துக்கொண்டு போனது என்ரை மொக்குவேலை. என்ரை பேரை வெட்டுங்கோ."

"தம்பி, அவசரப்படாதேங்கோ. வெளிநாட்டுப் போட்டி..."

"எனக்குப் பாவம் பார்க்க வேண்டாம் சேர். ஒரு மீன்காரன் என்னைத் தோற்கடிச்சான் எண்டு எழுத விடமாட்டன். தோத்தா நானாத்தான் தோப்பன்."

அத்தானைக் காப்பாற்ற அவர் அதைச் சொல்லவில்லை. அத்தான் அவருடைய கணக்கிலேயே இல்லை. தன் தோல்வியைக்கூட இன்னொருவரோடு பங்குபோட மனமில்லாத ஆணவம் அது. ஆனால் அந்தக் கூடாரத்தில் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். வெளியே போகும்போது என் கதிரைக்குப் பக்கத்தில் நின்றார்.

"நீங்கள் கண்டனீங்கள்தானே?" என்றார், குரலை உயர்த்தாமல். என்னோடு மட்டும் நீங்கள்.

நான் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அத்தானிடம் போய் ஒரு சொல் சொல்லவும் இல்லை. சைக்கிளை ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

ஆட்கள் என்னிடம் கேட்பார்கள், அந்த ஆள் எப்படி என்று. வீரர் என்றால் மறுபேச்சில்லை. மனிதர் என்றால், அவரோடு ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிட எனக்கு விருப்பமில்லை. அதற்கு அவருடைய வாய்தான் காரணம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா வீட்டுக்குப் போவேன். சாப்பிட்ட பிறகு அந்தக் கதை எப்படியாவது வந்துவிடும். அத்தானுக்கு அந்த வசவு இன்னும் ஆறவில்லை. ஆனால் ஆறுதலுக்கு அவரிடம் ஒரு சான்று இருக்கிறது.

"நான் பிழை விட்டிருந்தா என்னையெல்லே கூப்பிட்டு விசாரிச்சிருப்பாங்கள். அவன்ரை பேரைத்தானே வெட்டினவங்கள்? அப்ப பிழை ஆரின்ரை? நீர் படகிலை இருந்தனீர்தானே பிள்ளை, சொல்லும். நான் சரியாத்தானே எடுத்தனான்?"

அக்காவும் என் முகத்தைப் பார்ப்பார்.

"ஓம் அத்தான்" என்கிறேன்.