ஆடாத அலமாரி

என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரியில் எல்லோரும் 'பூங்கை' என்றுதான் கூப்பிடுவார்கள். குழந்தைகள் பிரிவில் ரத்தம் எடுக்கிற வேலை. பச்சைக் குழந்தையின் கையில் நூல் மாதிரி ஓடுகிற நரம்பை விரல் நுனியால் தடவியே கண்டுபிடித்துவிடுவார். அழலாமா வேண்டாமா என்று குழந்தை யோசித்து முடிப்பதற்குள் ரத்தம் எடுத்துப் பஞ்சும் வைத்து ஒட்டியிருப்பார். வேறு யாரிடமும் கையை நீட்டாத பிள்ளைகள்கூட "பூங்கை மாமா வந்தாதான்" என்று அடம்பிடிக்கும். சம்பளம் எவ்வளவானாலும், அந்தப் பெயர்தான் அவருடைய சொத்து.

அந்தக் கை நடுங்க ஆரம்பித்திருந்தது.

எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. முதலில் காப்பிக் கோப்பை சாஸரில் கடகடத்தது. மறுநாளே, "டம்ளர்லயே குடு, சாஸர் கழுவுற வேலை மிச்சம்" என்றார். அதுவரை சாஸர் கழுவுகிறவள் படும் கஷ்டம் மனுஷன் கண்ணில் பட்டதே இல்லை. பிறகு சவரக் கத்தி போய் மெஷின் வந்தது. சட்டைப் பொத்தானை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போட ஆரம்பித்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாராம்.

நான் பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் உட்காருகிறவள். சில்லறை இல்லாமல் வருகிறவனையும் வரிசையில் புகுகிறவனையும் ஒரே மூச்சில் திட்டிக்கொண்டே டிக்கெட் கிழிப்பேன். என் வாய்க்குப் பூட்டு கிடையாது என்று கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் பூட்டு விழுந்துவிட்டது. கேட்டால் என்ன சொல்வாரோ, சொன்னால் அப்புறம் என்ன ஆகுமோ. காலையில் அவர் செருப்பை மாட்டும்போதெல்லாம் இன்றைக்கு எந்தக் குழந்தையோ என்று நினைத்துக்கொண்டே கதவைச் சாத்துவேன்.

அவருக்கு இருக்கிற ஒரே பைத்தியம் ரெக்கார்டு பிளேயர். லீவு நாளில் சாயங்காலமானால் ஸ்டூல் மேல் அதை வைத்து, ரெக்கார்டைத் துடைத்துப் போட்டு, முள்ளை இறக்குவார். ஊசி இறக்குகிற அதே மாதிரிதான், மூச்சைப் பிடித்துக்கொண்டு. ஒரு நாள் அப்படி இறக்கியபோது முள் சர்ரென்று வழுக்கி, ரெக்கார்டின் குறுக்கே கோடு போட்டுவிட்டது.

அவர் கையைப் பார்க்கவில்லை. ஸ்டூலைப் பார்த்தார்.

"இந்த ஸ்டூல் ஆடுது பாரு."

நான் போய் அசைத்துப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது.

"ஆமாங்க, ஆடுது" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. ஆனால் அதைக் கேட்டதும் அவர் முகத்தில் வந்த நிம்மதி இருக்கிறதே, அதற்காக இன்னும் நாலு பொய் சொல்லியிருப்பேன்.

"நல்ல கனமான அலமாரி ஒண்ணு வாங்கிடுவோம். மேல பிளேயர், கீழ ரெக்கார்டெல்லாம் அடுக்கிடலாம். ஒண்ணே ஒண்ணுதான், அது ஆடவே கூடாது" என்றார்.

முதலில் போனது கண்ணாடி வைத்த பெரிய ஷோரூம். அங்கிருந்த பெண் எங்களை ஒரு சாமான் முன்னால் நிறுத்தி, "இது கிரெடென்ஸா ஆன்ட்டி" என்றாள்.

"நீளமா, குட்டையா இருக்கிற அலமாரிதானே?"

"ஆமா ஆன்ட்டி. ஆனா கிரெடென்ஸா."

சரி, பிள்ளை ஆசையாகச் சொல்கிறது என்று விட்டுவிட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தொட்டால் தானாக மெல்ல மூடுகிற கதவு, ஒயர் போக முதுகில் வட்டமாக ஓட்டை, மெலிந்த இரும்புக் கால். இவர் அதன் இரண்டு மூலையிலும் உள்ளங்கையை ஊன்றி அழுத்தினார். பக்கவாட்டில் தள்ளினார். அது அசையவில்லை.

"இது மேல நானே ஏறி நிப்பேன் அங்கிள்" என்றாள் அந்தப் பெண்.

"கால் ஒல்லியா இருக்கேம்மா. பலகையும் மரமில்ல, தூளை அழுத்தி ஒட்டினது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

அடுத்தது பழைய சாமான் கடை. கடைக்காரருக்கு நான் வைத்த பேர் 'தேக்கு'. எதைக் கேட்டாலும் "தேக்கு சார்" என்பதற்கு மேல் பதில் வராது. கடையின் கடைசியில், கட்டில்களுக்குப் பின்னால் நீளமாக ஒன்று கிடந்தது. யாரோ வாழ்ந்து முடித்த வீட்டுச் சாமான். தள்ளு கதவு, பித்தளைக் குமிழ், திறந்தால் அந்துருண்டை வாசனை. இவர் அதையும் அழுத்தினார், தள்ளினார், மண்டியிட்டுக் காலைப் பார்த்தார்.

"நாலு ஆள் வேணும் சார் இதை நகர்த்த. தேக்கு" என்றார் தேக்கு.

"பின்னாடி ஒயருக்கு ஓட்டை இல்லையே."

"போட்டுத் தரேன் சார்."

"மேல தழும்பு இருக்கு."

"வயசானா இருக்கத்தான் செய்யும். உங்களுக்கு இல்லையா, எனக்கு இல்லையா?"

அதன் பிறகு வீட்டில் இதே பேச்சு. காலையில் "புதுசுதான் சரி, ஒயரெல்லாம் மறைஞ்சிடும்" என்பார். சாயங்காலம் "பழசுதான் உழைக்கும்" என்பார். நான் புதுசு என்று ஒத்துக்கொண்டால் பழசுக்குத் தாவுவார். பழசு என்றால் புதுசில் போய் நிற்பார். மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோதுகூட இந்த மனுஷன் இத்தனை யோசிக்கவில்லை. லீவு நாளெல்லாம் இரண்டு கடைக்கும் நடந்தே என் கால் தேய்ந்தது. எரிச்சல் ஒரு பக்கம், அவர் தினமும் வேலைக்குப் போய்க்கொண்டே இருக்கிறாரே என்ற பயம் இன்னொரு பக்கம். மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு மர அலமாரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி ஒரு நாள் தேக்கின் கடையில் அவர் அந்த நீள அலமாரியைத் தள்ளிப் பார்த்தபோது, நான் அலமாரியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். அலமாரி இம்மிகூட அசையவில்லை. அவர் முகம் வாடிப்போயிற்று.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆடாத அலமாரி தேடி வந்த மனுஷனுக்கு, ஆடாத அலமாரியைக் கண்டால்தான் பயம். அது வீட்டுக்கு வந்துவிட்டால் அப்புறம் எதைக் குற்றம் சொல்வது? வாங்காத வரைக்கும் தப்பு ஸ்டூலுடையது. வாங்காத வரைக்கும் காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு போகலாம்.

"இதையே அனுப்பிடுங்க" என்றேன் தேக்கிடம்.

"இரு, இன்னும் கொஞ்சம் யோசிச்சு..." என்று இவர் ஆரம்பித்தார்.

"யோசிச்சது போதுங்க."

பழசின் அழகுக்காக அதை நான் எடுக்கவில்லை. நாலு ஆள் தூக்க வேண்டிய சாமான் ஆடுகிறது என்று எவனாலும் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

அலமாரி வந்தது. தூக்கி வந்தவர்கள் மாடிப்படியில் தேக்கின் வம்சத்தையே திட்டிக்கொண்டு வந்தார்கள். கூடத்துச் சுவரோரம் வைத்தார்கள். அவர்கள் போனதும் இவர் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி அதன் மேல் வைத்து, குனிந்து பார்த்தார். தண்ணீர் சமமாக நின்றது. பிளேயரை எடுத்து வைத்தார். ரெக்கார்டின் விளிம்பை மட்டும் பிடித்து எடுத்துப் போட்டார். நான் கைத்துண்டைப் பிசைந்துகொண்டு சமையலறை வாசலில் நின்றேன். தெய்வமே, இந்த ஒரு தடவை சரியாக இறங்கிவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அப்படி வேண்டியது தப்பு என்றும் எனக்குத் தெரிந்தது.

இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு முள்ளை இறக்கினார். அது இரண்டு தரம் துள்ளி, கிறீச்சென்று இழுத்துக்கொண்டு போயிற்று.

அவர் திரும்பவில்லை.

"தரை சமமா இல்ல போலிருக்கு. கொத்தனாரை வரச் சொல்லணும்" என்றார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தப் பழமொழி என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டேன். அதற்கு அடுத்து வந்ததை விழுங்க முடியவில்லை.

"தரை நல்லாத்தாங்க இருக்கு. அலமாரியும் நல்லாத்தான் இருக்கு. அந்த ஸ்டூலும் நல்லாத்தான் இருந்துச்சு."

அவர் மெல்ல, அலமாரியில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தார்.

"எப்ப இருந்து தெரியும்?"

"சாஸர் வேணாம்னு சொன்னீங்களே, அப்பவே."

"கேக்கவே இல்லையே நீ."

"பயமா இருந்துச்சு. கேட்டா நிஜமாயிடுமோன்னு."

நானும் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையை எடுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். அவர் இழுத்துக்கொள்ளவில்லை. அது என் இரண்டு கைக்குள்ளும் நடுங்கிக்கொண்டேயிருந்தது.

"நேத்து ஒரு குழந்தைக்கு மூணு தடவை குத்தினேன்" என்றார். "கெடைக்கல. கை நீலமா வீங்கிப்போச்சு. அவங்கம்மா ஒரு வார்த்தை திட்டல. என்ன சொன்னாங்க தெரியுமா? 'உங்களுக்கே கெடைக்கலன்னா, எம்பொண்ணுக்கு நரம்பே சரியில்ல போலிருக்கு'ன்னாங்க. நான் ஆமான்னு தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அழவில்லை. "மேடத்துக்குப் போன் போடு" என்றார். மேடம் என்றால் லேபில் இவருக்கு மேல் இருக்கிற அம்மா. நான் எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, அவர் வாயருகே பிடித்துக்கொண்டேன்.

"சொல்லுங்க பூங்கை" என்றது குரல்.

அந்தப் பெயரைக் கேட்டதும் செருமிக்கொண்டார்.

"மேடம், இனிமே என்னை ரத்தம் எடுக்க விடாதீங்க. கை நடுங்குது. கொஞ்ச நாளாவே நடுங்குது. சொல்லாம இருந்துட்டேன்."

அந்த அம்மா மெதுவாகக் கேட்டார். "நேத்து ரத்தம் கெடைக்காத அந்தக் குழந்தையை நாளைக்கு மறுபடி வரச் சொல்லியிருக்கோமே. யாரு எடுக்கிறது?"

"நீங்களே எடுங்க மேடம். வலது முழங்கை மடிப்புல எடுங்க. நான் வந்து குழந்தையைப் புடிச்சுக்கறேன்" என்றார் அவர். "அவங்கம்மாகிட்ட ஒண்ணு சொல்லணும். குழந்தைக்கு நரம்பெல்லாம் நல்லா இருக்குன்னு நானே சொல்லணும்."