கையைவிட்டுப் போகாத பாஸ்போர்ட்

மல்லிகை வாசம் வந்தாலே கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் வேலை பார்த்த அந்த மனிதர் நினைவுக்கு வருவார். இந்தியாவிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். ஒல்லி, நரைத்த மீசை. பாஸ்போர்ட்டை முதலாளியிடம்கூடக் கொடுக்காமல் சின்னப் பையில் போட்டுக் கழுத்தில் மாட்டியிருப்பார்.

ஒரு மாலை நான் பூ வாங்க நின்றபோது, இமிகிரேஷன் அதிகாரிகள் என்று சொல்லிக்கொண்டு சாதாரண உடையில் இருவர் வந்தார்கள். பக்கத்துக் கடை ஆட்கள் ஓடினார்கள். பூ கட்டிக்கொண்டிருந்த இவர் ஸ்டூலைவிட்டு எழவில்லை.

“பாஸ்போர்ட் கொடு.”

“முதல்ல உங்க கார்டைக் காட்டுங்க பாஸ்,” என்றார் அரைகுறை மலாயில்.

“உள்ளே தள்ளிடுவோம்!”

“சரி, ஸ்டேஷனுக்கே போவோம். அங்க தரேன்.”

சொல்லிக்கொண்டே மடியிலிருந்த பூவைத் தொடர்ந்து கட்டினார். கார்டைக் காட்டாமலே, முணுமுணுத்துக்கொண்டு இருவரும் நழுவினார்கள்.

“கொஞ்ச நாள் இந்தப் பக்கம் வராதீங்கண்ணே,” என்றேன்.

நாரைப் பல்லால் கடித்து அறுத்தார்.

“நான் எதுக்குக்கா ஒளியணும்? நாளைக்கும் இதே ஸ்டூல்லதான் இருப்பேன். பூ வாங்க நீங்களும் வாங்க.”