மச்சாளின் வியூபைண்டர்

மாமாவின் மகளை நான் மச்சாள் என்றுதான் கூப்பிடுவேன். அவளுடைய டிஜிட்டல் கமராவில், கண் வைத்துப் பார்க்கும் வியூபைண்டர் ஒரு சின்னப் பெட்டி போல இருக்கும். விரலால் தூக்கினால் மேல்நோக்கி நிமிரும். உள்ளே இருந்தது ஒரு குட்டி மின்திரை. அதை நான் பண்ணிய கேலிக்கு அளவில்லை. இன்றைக்கு என் கையில் இருப்பதும் மின்திரைக் கமராதான். ஆனாலும் நேற்றுக்கூட ஒருவர் ஸ்டூடியோவுக்கு வந்து, கண்ணாடி வழியே பார்ப்பதுதான் பார்வை, திரையில் பார்ப்பது வெறும் ஏமாற்று என்று உபதேசம் செய்தார். எனக்குப் பொறுக்கவில்லை, சண்டைக்கே போய்விட்டேன். அந்தக் கதையை இந்தத் துறைமுக ஊரில் முதலில் அளந்தவனே நான்தான். அதைப் பொய் என்று சொல்லும் உரிமையும் எனக்குத்தான் உண்டு.

யுத்த காலத்தில் நாங்கள் இருவரும் ஒரே ஸ்டூடியோவில் வேலை செய்தோம். என்னுடையது உள்ளே கண்ணாடி வைத்த கமரா. லென்சுக்கு முன்னால் நடப்பது அதில் பட்டுத் தெளிவாக, உடனுக்குடன் கண்ணுக்கு வரும். அவளுடைய திரையில் எல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும், அசைகிற எதுவும் ஒரு கணம் பிந்தித்தான் வரும். கல்யாண வீடுகளில், "உன்ர கமராவிலை தாலி ஏற முன்னம் பிள்ளை பிறந்திடும்" என்பேன். "பிந்துமெண்டு தெரிஞ்சா முந்தி அமத்த வேண்டியதுதானே, மச்சான். நீங்கள் உங்கட வேலையைப் பாருங்கோ" என்பாள். அப்படியே பழகினாள். மாப்பிள்ளையின் கை உயரத் தொடங்கும்போதே பொத்தானை அமத்திவிடுவாள், முடிச்சு விழுகிற கணம் படத்தில் சரியாக இருக்கும். என் கமராவிலோ அமத்தியதும் உள்ளே கண்ணாடி 'டக்'கென்று எழும்பி விழும். அந்தக் கணம் எனக்கு இருட்டு, சத்தம் மட்டும் மண்டபம் முழுக்கக் கேட்கும். அவளுடையது சத்தமே போடாது. அதை ஒரு சிறப்பாக நான் எண்ணியதில்லை.

ஒரு காலையில் இராணுவத்தினர் எங்கள் தெருவைச் சுற்றி வளைத்தார்கள். மீன் விற்கிற பக்கத்து வீட்டு அக்காவின் ஒரே மகனையும் இன்னும் சில பெடியன்களையும் சந்தியில் நின்ற பஸ்ஸில் ஏற்றினார்கள். கொண்டுபோனதற்குச் சாட்சி இல்லாவிட்டால் அந்த நாட்களில் ஆள் போனது போனதுதான். நான் ஸ்டூடியோ வாசலில் கமராவோடு நின்றேன். முகத்துக்கு நேரே தூக்கினால் தெரியும், அமத்தினால் கேட்கும். பயந்துவிட்டேன், அதற்கு வேறு பெயர் இல்லை. மச்சாள் போய்ச் சந்தியோரத்து மதகுக் கட்டில் உட்கார்ந்தாள். கமராவை மடியில் வைத்து, வியூபைண்டரை மேலே நிமிர்த்தி, சேலைத் தலைப்பால் எதையோ துடைப்பவள் போலக் குனிந்தாள். கல்யாண வீட்டில் பழகிய விரல், அக்காவின் மகன் காலைத் தூக்கும்போதே அமத்திவிட்டது. ஒரு கால் பஸ் படியில், முகம் எங்கள் பக்கம், அருகிலே பஸ் இலக்கம். ஒன்றும் தப்பவில்லை.

மறுநாள் அக்காவோடு நாங்களும் இராணுவ முகாமுக்குப் போனோம். "அப்படி ஒருவரும் இங்கே இல்லை" என்றார் அதிகாரி. ஸ்டூடியோவில் நாங்கள் பிரதி போட்டுக் கொடுத்திருந்த அந்தப் படத்தை அக்கா மேசையில் வைத்தார். அதிகாரி அதை நெடுநேரம் பார்த்தார்.

"யார் எடுத்தது?"

மச்சாள் வாயைத் திறக்குமுன் அக்கா முந்திக்கொண்டார். "நான்தான் எடுத்தனான், மாத்தையா."

கமராவைத் தொட்டே அறியாத மனிசி அவர்.

"கமரா எங்கே? இங்கே கொண்டு வர வேண்டும்."

"வீட்டை கிடக்கு. மகனை விடுங்கோ, அவனிட்டையே குடுத்து விடுறன்."

மூன்றாம் நாள் பின்னேரம் அவன் நடந்து வந்து சேர்ந்தான். கமராவை நாங்கள் கொடுத்தனுப்பவில்லை.