இடி சாரின் முகமூடி

வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு, ரப்பர் முகமூடியை உள்ளங்கையில் கிடத்தி, கைக்குழந்தைக்கு மூக்குச் சிந்தி விடுவதுபோல அதன் மூக்குப் பள்ளத்தைக் கட்டைவிரலால் தேய்க்கிறார் இடி சார். நன்றாக உதறி, துணிக்கொடியில் மாட்டுகிறார். மகள் ஸ்கூட்டரில் போகும்போது புகைக்காகக் கட்டும் துணி, வீட்டம்மா ஒட்டடை அடிக்கக் கட்டும் துணி, பேத்தியின் அட்டைப் புலி முகம் எல்லாம் ஏற்கெனவே அங்கே காற்று வாங்குகின்றன. "எங்க வீட்ல ஆளுக்கு ரெண்டு மூஞ்சி. ஒண்ணு வெளுத்துக் காயுது" என்பார்.

பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலே தலையை நீட்டுகிறார். "என்ன சார், விமானம் ஓட்டப் போறீங்களா?"

"தினமும் ராத்திரி ஓட்டுறேனே. ஒரு குலுக்கல் கிடையாது. வர்றீங்களா?"

பொது நூலகத்தின் வாசிப்பு அறை இடி சாரின் பொறுப்பு. யாராவது தும்மினால்கூடக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். மதியச் சாப்பாடு இறங்கியதும் நிலைமை தலைகீழாகிவிடும். மோவாய் நெஞ்சில் சாயும், ‘அமைதி காக்கவும்’ என்ற பலகைக்கு நேர் கீழே குறட்டை கிளம்பும், நாளிதழ்கள் நடுங்கும். இடி சார் என்ற பெயர் அங்கே பிறந்ததுதான். அவருக்கும் தெரியும். கோபமில்லை.

அவருக்கு வலித்தது வேறொன்று. வீட்டம்மாவின் தலையணை பல வருஷங்களுக்கு முன்பே மகளின் அறைக்குக் குடிபோய்விட்டது. "நான் ஒண்ணும் கோவிச்சுக்கிட்டுப் போகல. தூங்கத்தான் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். இவரும் சிரித்து வைத்தார். ஆனால் காலையில் எழுந்ததும் கட்டிலின் மறுபாதியைப் பார்ப்பார். விரிப்பில் ஒரு சுருக்கம் இருக்காது. அந்தச் சுருக்கமில்லாத விரிப்பு அவரை முள்ளாகக் குத்தியது.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது என்று டாக்டர் கண்டுபிடித்து, குழாய் வைத்த முகமூடியும் காற்றை ஊதும் மெஷினும் எழுதிக் கொடுத்தார். இவர் வாங்கி வந்து அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார். "தும்பிக்கை யானைக்கு அழகு. எனக்கெதுக்கு?"

ஒரு சாயங்காலம் வீட்டம்மா பெட்டியில் புடவைகளை அடுக்கினார். "பெரிய பொண்ணு வீட்ல ரெண்டு மாசம் இருந்துட்டு வர்றேன்."

"அங்க என்ன விசேஷம்?"

"ஒண்ணுமில்ல. தூங்கணும். சுவரையும் தாண்டி வருதுங்க உங்க சத்தம்."

ஸ்டூலைப் போட்டு ஏறி, அலமாரி மேலிருந்த மெஷினையும் முகமூடியையும் இறக்கினார் இடி சார்.

அன்றிரவு வீடு கப்சிப். அதுதான் வினையாகிவிட்டது. பழகிய சத்தம் நின்றதும் வீட்டம்மாவுக்கு விழிப்புத் தட்டியது. ஓடிவந்து, "ஐயோ, என்னங்க! என்னங்க!" என்று தோளைப் பிடித்து உலுக்கினார். முகமூடியை நகர்த்திக்கொண்டு இவர் எரிந்து விழுந்தார்: "ஏம்மா, மனுஷன நிம்மதியா தூங்க விடமாட்டியா?"

கல்யாணமான நாளிலிருந்து வீட்டம்மா சொல்லிவந்த வசனம் அது. சொன்ன பிறகுதான் இவருக்கே உறைத்தது. இருவரும் சிரித்த சிரிப்பில் மகள் எழுந்து வந்து, "ரெண்டு பேருக்கும் என்ன ஆச்சு?" என்றாள். மறுநாள் புடவைகள் பீரோவுக்குத் திரும்பின. அலமாரிக்கு மேலே, முகமூடி இருந்த இடத்தில் காலிப் புடவைப் பெட்டி ஏறியது.

இப்போது நூலகத்தில் மதியமும் விழிப்பாக இருக்கிறார். தினமும் வரும் வாசகர் ஒருவர் அலுத்துக்கொண்டார்: "நீங்க தூங்கினாத்தான் சார் நாங்க ரெண்டு வார்த்தை பேசிக்க முடியும். எங்க பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்க." இதைத் தெருவில் அகப்பட்டவர்களிடமெல்லாம் பதக்கம் போலக் காட்டிவிட்டார் இடி சார்.

தலையணை மட்டும் உடனே வரவில்லை. "பாக்கலாம், பாக்கலாம்" என்று தள்ளிப்போட்ட வீட்டம்மா, ஒரு ஞாயிறு மதியம் அதை அக்குளில் இடுக்கிக்கொண்டு வந்து நின்றார். முகமூடியின் வாரைத் தாமே இழுத்துப் பூட்டி, "சத்தம் வந்தா எழுந்து போயிடுவேன்" என்றார். பரீட்சைக்குப் போகும் பையனைப் போல விறைப்பாகப் படுத்தார் இடி சார். அப்படியே கண் அயர்ந்தார்.

பாழாய்ப்போன மின்சாரம் அந்த நேரம் பார்த்துத்தான் போக வேண்டுமா? மெஷின் ஒரு பெருமூச்சோடு அடங்கியது. மின்விசிறியும் நின்றது. தூக்கத்திலேயே முகமூடியைக் கழற்றி எறிந்தார். இடி தாய்வீடு திரும்பியது. கடைசி முழக்கத்தில் அவருக்கே விழிப்பு வந்துவிட்டது.

அரைக்கண்ணால் பார்த்தார். வீட்டம்மா எழுந்து உட்கார்ந்திருந்தார். இரு கைகளிலும் தலையணை. போச்சு, எல்லாம் போச்சு என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார் இடி சார்.

வீட்டம்மா, வேர்வையில் நனைந்த பக்கம் கீழே போகும்படி தலையணையைப் புரட்டி அதே இடத்தில் போட்டு, அவர் விலாவில் முழங்கையால் ஓர் இடி இடித்து, குளிர்ந்த பக்கத்தில் கன்னத்தை வைத்துப் படுத்துக்கொண்டார்.